தோள் இருமுறை நழுவியவர் அறுகம்பைக்கு அலைச்சறுக்கப் போகலாமா?

வாசகியின் கடிதம்

கோவையிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 38. வங்கிப் பணியில் இருக்கிறார். கல்லூரிக் காலத் தோழியர் இருவருடன் வரும் ஜூலை இரண்டாம் வாரத்தில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பைக்குச் சென்று, ஆறு நாள் தங்கி, அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்றுக்கொள்ளத் திட்டமிட்டிருக்கிறார். பயணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. விமானச் சீட்டு வாங்கியாகிவிட்டது. அங்கே மெயின் பாயிண்ட் என்ற அலைச்சறுக்கு இடத்தின் பக்கம் ஒரு விடுதி அறைக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. அந்தப் பணம் திரும்பக் கிடைக்காது.

அவருடைய வலது தோள்மூட்டு இருமுறை நழுவியிருக்கிறது. 24 வயதில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தபோது முதல் முறை. 31 வயதில் ரயிலின் மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கும்போது இரண்டாம் முறை. முதலாவதை மருத்துவமனையில் சரிசெய்தார்கள். இரண்டாவதை ஊரிலிருந்த எலும்பு வைத்தியர் ஒருவர் இழுத்து ஏற்றிவிட்டார். அதன் பிறகு வலி இல்லாததால் எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ளவில்லை. இரு கண்களிலும் பார்வைக் குறைபாடு மைனஸ் 7. நீச்சல் குளத்தில் 25 மீட்டர் நீளத்தை நடுநடுவே நின்று இருபது முறை கடப்பாராம்.

கண்ணாடிக்குப் பதில் மாதம் ஒருமுறை மாற்றும் லென்ஸ் அணிவது, முதல் இரண்டு நாள் அலையில்லாத களப்பில் (கடலோரக் காயலில்) பலகைமேல் படுத்துப் பழகுவது, மலேரியாவுக்கென்று மருந்துக் கடைக்காரர் கொடுத்த டாக்சிசைக்ளினைத் தினமும் விழுங்குவது, உடல்வலிக்கு ஐபுபுரோஃபென் வைத்துக்கொள்வது என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறார். மாநிறத் தோலுக்கு சன்ஸ்கிரீன் வேண்டியதில்லை என்றும் நம்புகிறார். பயணக் காப்பீட்டு முகவரோ, பழைய தோள் விஷயத்தைப் படிவத்தில் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். “இந்த வயதில் கடலில் விழுந்து எழுவது தேவையா? பக்கத்திலிருக்கும் உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தால் போதாதா?” என்பது அம்மாவின் கேள்வி. வாசகியின் கேள்விகள் இரண்டு: இந்தத் தோளுடன் போகலாமா? தோளைப் பற்றிச் சொன்னால் பயிற்சியாளர் சேர்த்துக்கொள்ள மறுத்துவிடுவாரோ, சொல்லாமலே இருந்துவிடலாமா?

மருத்துவரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் அம்மாவின் கவலையைப் பார்த்துவிடுவோம். 38 வயது அலைச்சறுக்கு கற்பதற்குத் தடையே அல்ல. நாற்பதைத் தாண்டிய பிறகு முதல் முறையாகப் பலகையில் ஏறியவர்களை, விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை அளிப்பவன் என்ற முறையில், நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் என்னிடம் வந்தது கணுக்காலிலோ விலா எலும்பிலோ ஏற்பட்ட சிறு அடிக்காகத்தான். ஆகவே உங்கள் விஷயத்தில் யோசிக்க வேண்டியது வயதைப் பற்றி அல்ல. நீங்கள் மலேரியாவுக்கு மாத்திரை வரை யோசித்து வைத்திருக்கிறீர்கள், தோளுக்கு ஒரு பரிசோதனைகூடச் செய்துகொள்ளவில்லை. அந்த அக்கறையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டு திட்டமிட்டால் இந்தப் பயணம் நன்றாகவே அமையும் என்பதுதான் நான் சொல்லப்போவதன் சாரம்.

வலி இல்லாத தோள், உறுதியான தோள் அல்ல

தோள்மூட்டு, உடலின் மற்ற பெரிய மூட்டுகளைவிட அதிகமாகச் சுழலக்கூடியது. அந்தச் சுதந்திரத்துக்கு விலையாக, எளிதில் நழுவவும் கூடியது. முன்பக்கமாக நழுவும்போது, குழியின் விளிம்பில் வளையம்போல் அமைந்திருக்கும் குருத்தெலும்புத் திசு பெரும்பாலும் கிழிந்துபோகிறது. மூட்டை மீண்டும் குழியில் ஏற்றிவிட்டால் வலி போய்விடும். ஆனால் கிழிந்த விளிம்பு முன்பிருந்த இடத்தில் சரியாக ஒட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. உங்கள் முதல் நழுவல் ஒரு விபத்து. இரண்டாவது அப்படியல்ல: ஒரு பெட்டியை இறக்கும் அளவுக்கான விசையிலேயே மூட்டு விலகியிருக்கிறது என்றால், அது தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஏழு ஆண்டாக ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். அந்த ஏழு ஆண்டில் கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பின்னால் சாய்க்கும் வேலைகளை உங்களை அறியாமலே தவிர்த்து வந்திருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட நோயாளிகள் பலர், கேட்ட பிறகுதான், “ஆமாம், மேல் அலமாரியில் இடது கையால்தான் எடுப்பேன்” என்பார்கள்.

அலைச்சறுக்கு இந்தத் தோளை மூன்று இடங்களில் சோதிக்கும். முதலாவது, பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளிச் செல்வது; கற்றுக்கொள்பவர் நீரில் இருக்கும் நேரத்தில் எழுந்து நிற்பது சில நொடிதான், மற்றதெல்லாம் இந்தத் துழாவலும் காத்திருப்பும்தான். இரண்டாவது, உள்ளங்கைகளை மார்பருகே ஊன்றி ஒரே வீச்சில் எழுவது. மூன்றாவதும் மிக மோசமானதும், அலை உங்களைப் புரட்டும்போது பலகையைக் கையால் பிடித்துக்கொண்டிருப்பது. பலகை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம் என்று நீர் இழுக்கும்போது, கை தலைக்கு மேல் உயர்ந்து வெளிப்புறமாகத் திரும்பிய நிலைக்கு வருகிறது. தோள் முன்பக்கமாக நழுவுவதற்கு அதைவிட வாகான நிலை வேறில்லை. கரையில் நழுவினால் வலி மட்டும்தான். ஆழத்தில் நழுவினால் ஒரு கையால் நீந்த வேண்டியிருக்கும்.

எனவே இந்த வாரமே எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். தோளைக் கையால் சோதித்தாலே அவருக்குப் பாதி தெரிந்துவிடும்; மீதிக்கு எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும் எடுப்பார். குழியின் விளிம்பெலும்பு தேய்ந்திருக்கிறது என்றால், உடற்பயிற்சி மட்டும் போதாமல் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டிவரலாம். அந்நிலையில் இந்த ஆண்டுக்கு அலைச்சறுக்கை விட்டுவிடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். எலும்பு நன்றாக இருந்தால், சுழல்தசைகளையும் தோள்பட்டை எலும்பைத் தாங்கும் தசைகளையும் வலுவாக்கும் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் தொடங்கலாம். அதற்குக் குறைந்தது பத்து அல்லது பன்னிரண்டு வாரம் வேண்டும். உங்களிடம் இருப்பது ஏழு.

இங்கேதான் நீங்கள் ஒரு முடிவெடுக்க வேண்டும். அறுகம்பையில் அலைக் காலம் ஏறக்குறைய ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நீடிக்கிறது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்கள் அனுப்பும் அலைகள் அங்கே வந்து சேர்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று கிழக்குக் கரைக்குத் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றாக வந்து, அந்த அலைகளைக் கலைக்காமல் நிமிர்த்தி வைக்கிறது. ஜூலையும் ஆகஸ்டும் அதன் உச்சம். நீரில் கூட்டமும் அப்போதுதான் மிக அதிகம். செப்டம்பரிலும் நல்ல அலை இருக்கும், கூட்டம் குறையத் தொடங்கியிருக்கும், உங்கள் தோளுக்கும் தேவையான வாரங்கள் கிடைத்திருக்கும். ஆகவே செப்டம்பருக்கு மாற்றிக்கொள்வதே என் பரிந்துரை. முன்பணத்தைத் திருப்பித் தராத விடுதிகள்கூட, முன்கூட்டியே கேட்டால் தேதியை மாற்றித் தருவதுண்டு. விமானச் சீட்டுக்கு மாற்றுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். மூன்றாம் முறை நழுவிய தோளின் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

தோழியரின் விடுப்பு காரணமாக ஜூலைதான் என்றால், மருத்துவர் அனுமதித்த பிறகு ஒரு வரம்புடன் போங்கள்: இடுப்பளவு நீரில், ஏற்கெனவே உடைந்து நுரையாக வரும் அலைகளில் மட்டும், பயிற்சியாளர் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, மென்மையான நுரைப்பலகையில் கற்றுக்கொள்வது. இதுவும் அலைச்சறுக்குதான்; எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். விழும்போது பலகையை விட்டுவிட்டு, இரு முழங்கைகளையும் மடக்கித் தலையைக் காத்துக்கொள்ளப் பழகுங்கள். கணுக்காலில் கட்டிய கயிறு பலகையை வெகுதூரம் போகவிடாது. சுற்றிலும் வேறு ஆட்கள் இல்லாத இடத்தில்தான் இப்படிப் பலகையை விட முடியும் என்பதும் கூட்டத்தைத் தவிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம். அலைச்சறுக்குக் காயங்களில் பெரும் பங்கு, விழுந்தவரின் சொந்தப் பலகையே அவர்மேல் மோதி உண்டாவது.

தங்குமிடமும் கற்குமிடமும்

மெயின் பாயிண்ட் அருகே தங்குவதில் தவறில்லை. சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் அது வசதி. ஆனால் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காக அங்கே இறங்கிவிடாதீர்கள். குடாவின் தென்முனையில் பாறைப் படுகைமேல் உடையும் அந்த அலை, அனுபவசாலிகள் வரிசையில் காத்திருந்து பிடிப்பது. தொடக்கநிலையில் இருப்பவர்களை வடக்கே விஸ்கி பாயிண்டுக்கோ, தெற்கே பீநட் ஃபார்முக்கோ எலிஃபன்ட் ராக்குக்கோ பயிற்சியாளர்கள் ஆட்டோவில் அழைத்துப் போவார்கள். அன்றைய காற்றையும் அலையையும் பார்த்து எது என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். காலையில் சீக்கிரம் புறப்படுங்கள். வெயிலும் குறைவு, நீரும் அமைதி.

உங்கள் திட்டத்தில் நான் மறுபேச்சில்லாமல் அடித்துவிடச் சொல்வது ஒன்று உண்டு என்றால், அது களப்பில் பழகுவது. அறுகம்பையைச் சுற்றியுள்ள களப்புகளிலும் ஓடைகளிலும் முதலைகள் இருக்கின்றன. 2017 செப்டம்பரில் எலிஃபன்ட் ராக் அருகே ஒரு களப்போரம் சென்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஒருவரை முதலை இழுத்துச் சென்றதில் அவர் இறந்தார். அலையில்லாத நீர் பாதுகாப்பான நீர் என்ற எண்ணம் குளத்தில் நீந்துபவர்களுக்கு இயல்பாக வருவது. அங்கே அது பொருந்தாது. மணலைக் கழுவிக்கொள்ளவும் களப்பில் கால் வைக்காதீர்கள்.

குளத்து நீச்சலும் கடலும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். குளத்தில் 25 மீட்டருக்கு ஒருமுறை சுவர் இருக்கிறது. அடுத்த சில வாரங்களில், நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், ஆழமான பக்கத்தில் எதையும் பிடிக்காமல் பத்து நிமிடம் மிதக்கவும் முடிகிறதா என்று பாருங்கள். இது நான் என் நோயாளிகளுக்கு வைக்கும் அளவு. முடியாதவர் கடலுக்குப் போகவே கூடாது என்பதல்ல, இடுப்பளவு நீரைத் தாண்டக் கூடாது. கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். பலகையை விடாமல் அதன்மேல் படுத்து, கையசைத்து உதவி கேளுங்கள். பலகை இல்லையென்றால் மிதந்துகொண்டே கரைக்கு இணையாக நகர்ந்து, இழுப்பு தளர்ந்த இடத்தில் திரும்புங்கள். இதையெல்லாம் இலங்கைக்குப் போய்த்தான் முதன்முதலில் அனுபவிக்க வேண்டும் என்பதில்லை. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்களே கற்றுத்தரும் பயிற்சிப் பள்ளிகள் உள்ளன. ஒரு வார இறுதியில் அங்கே போய் ஒரு பாடம் எடுத்துப் பாருங்கள். தோள் எப்படி நடந்துகொள்கிறது என்பது, ஊர் திரும்பிச் சிகிச்சை பெறக்கூடிய தொலைவிலேயே தெரிந்துவிடும்.

முதல் நாள் முதுகுவலி

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மிக அரிது, ஆனால் முதல் பாடம் எடுப்பவர்களையே தேடி வருவது. 2004ஆம் ஆண்டு ஹவாய் மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்த இந்தப் பாதிப்பில், எந்த அடியும் படாமலே முதுகுத்தண்டுவடத்துக்கு இரத்த ஓட்டம் குறைந்துபோகிறது. பழக்கமில்லாதவர் பலகையில் குப்புறப் படுத்து, தலையையும் மார்பையும் உயர்த்தி, முதுகைப் பின்னால் வளைத்தபடி நெடுநேரம் காத்திருப்பதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. முதலில் நடுமுதுகிலோ இடுப்பிலோ திடீரென வலி வரும். அடுத்த சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் கால்கள் மரத்து, பலம் குறைந்து, சிறுநீர் கழிக்க முடியாமல் போகும். சிலருக்கு நடை முழுமையாகத் திரும்புவதில்லை.

தடுப்பது எளிது. அலைக்குக் காத்திருக்கும்போது பலகைமேல் எழுந்து உட்காருங்கள். உட்கார வரவில்லையென்றால் கன்னத்தைப் பலகையில் வைத்து முதுகைத் தளர்த்திப் படுங்கள். போதிய தண்ணீர் குடித்துவிட்டு இறங்குங்கள். முதல் பாடம் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முதுகில் புதிதாக வலி வந்தால் அந்த நொடியே கரையேறுங்கள். கால் மரத்தால் நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எண்ணெய் தேய்த்து நீவிவிடலாம் என்று யாராவது அன்போடு முன்வருவார்கள், நம் ஊரிலும் அங்கும். இந்த ஒரு வலிக்கு அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கண்கள்

மைனஸ் 7 என்பது கண்ணாடியின் கனத்தைப் பற்றிய செய்தி மட்டுமல்ல. கண்விழி நீண்டிருப்பதால் உள்ளே விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். ஓரங்களில் நலிந்த பகுதிகளோ சிறு துளைகளோ இருந்தால், முகத்தில் பலகை மோதும் ஒரு அடியில் விழித்திரை பிரியக்கூடும். கண்மணியை விரியவைக்கும் சொட்டு மருந்து இட்டு விழித்திரையை முழுமையாகப் பார்க்கச் சொல்லிக் கண் மருத்துவரிடம் கேளுங்கள். துளை இருந்தால் பெரும்பாலும் லேசர் சிகிச்சையால் முன்கூட்டியே அடைத்துவிடலாம். அதன் பிறகு எத்தனை நாள் கழித்துக் கடலில் இறங்கலாம் என்பதை அவரே சொல்வார். பயணத்தின்போதோ பிறகோ கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலும், கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகினாலும், பார்வையின் ஒரு பகுதியில் திரை விழுந்தாற்போல் இருந்தாலும், அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாதாந்தர லென்ஸோடு நீரில் இறங்க வேண்டாம். அகந்தமீபா என்ற நுண்ணுயிரி குழாய் நீர், குளம், கடல் எங்கும் உண்டு. லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையே சிக்கிக்கொண்டால் அது உண்டாக்கும் புண் மாதக்கணக்கில் வதைத்துப் பார்வையையும் குறைத்துவிடும். பாதுகாப்பான வழி, லென்ஸே இல்லாமல், நுரையலையில், பயிற்சியாளரின் குரலைக் கேட்டுப் பழகுவதுதான். மைனஸ் 7 உள்ளவருக்கு அது சிரமம் என்பது எனக்குத் தெரியும். அணிந்தே ஆகவேண்டும் என்றால், ஒருமுறை அணிந்து எறியும் தினசரி லென்ஸ் மட்டும், விழும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, கரையேறியதும் கழற்றி எறிந்துவிடுங்கள்.

மருந்துப் பை

டாக்சிசைக்ளினை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் சான்றளித்துவிட்டது. இந்தப் பயணத்துக்கு மலேரியாத் தடுப்பு மாத்திரை தேவையில்லை. தேவையில்லை என்பதோடு நிற்கவில்லை. அந்த மருந்து தோலை வெயிலுக்குக் கூசவைக்கும் தன்மை உடையது. நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 7 பாகை வடக்கே, நீர்ப்பரப்பின்மேல், மணிக்கணக்கில் வெயிலில் கிடக்கப்போகிறவர் விழுங்கக்கூடிய மருந்தா அது? மாநிறம் வெயிலைத் தாங்கும் என்பது பாதி உண்மை. நமக்குத் தோல் புற்றுநோயின் ஆபத்து வெள்ளையரைவிடக் குறைவு; தோல் வெந்து உரிவது, மங்கு படர்வது, கண்ணின் வெள்ளைப் பகுதியில் சதை வளர்வது ஆகியவை நம்மையும் விடுவதில்லை. முழுக்கை லைக்ரா சட்டை, முகத்துக்கும் காதுக்கும் கழுத்துக்கும் துத்தநாகம் கலந்த சன்ஸ்கிரீன் பூச்சு, இவை போதும்.

மலேரியா இல்லை, டெங்கு ஆண்டு முழுவதும் உண்டு. அதன் கொசு பகலில் கடிப்பது. ஆகவே காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர வேறெதுவும் வேண்டாம். ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் டெங்குவில் இரத்தக்கசிவை அதிகப்படுத்தக்கூடியவை. உடல்வலிக்கும் பாராசிட்டமாலையே வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள்; தீர்ந்துபோனால் அங்குள்ள மருந்துக் கடையில் “ஜீவனி” என்று கேளுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகிவிட்டதென்றால் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். பாறையோ பவளமோ கிழித்த காயத்தைச் சுத்தமான நீரும் சோப்பும் கொண்டு, உள்ளே துணுக்கு தங்காதபடி பொறுமையாகக் கழுவ வேண்டும். உப்புநீரே மருந்து என்று அப்படியே விட்டவர்களின் கால் வீங்கிப்போய் வருவதைப் பார்க்கிறோம். கடற்கரை நாய் கடித்தாலோ பிராண்டினாலோ பதினைந்து நிமிடம் சோப்பு நீரில் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசி தொடங்குங்கள். ஊர் திரும்பும்வரை தள்ளிப்போடக் கூடாது.

அவசரமும் காப்பீடும்

பொத்துவில் ஆதார வைத்தியசாலை அறுகம்பையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதைவிடப் பெரிய சிகிச்சை என்றால் அம்பாறை, கல்முனை அல்லது மட்டக்களப்பு. மட்டக்களப்புக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். கொழும்பு சாலை வழியே ஏழெட்டு மணி நேரம். 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். பொத்துவிலில் தமிழே பெருவாரியாகப் பேசப்படுகிறது என்பது உங்களுக்கு ஒரு பெரிய வசதி. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்பதை மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே சொல்லிவிட முடியும். பெரும்பாலும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர் என்பதால் கடற்கரை உடையில் கடைத்தெருவுக்குப் போகாமலிருப்பது மரியாதை.

தோள் நழுவிவிட்டால், கரையில் உள்ள யாரையும் இழுத்து ஏற்ற விடாதீர்கள். எலும்பு உடைந்திருக்கிறதா என்று தெரியாமல் இழுத்தால் நரம்பும் இரத்தக்குழாயும் சேர்ந்து கிழியக்கூடும். கையை மடக்கி ஒரு துண்டால் மார்போடு கட்டிக்கொண்டு, மேல்கையின் வெளிப்புறத்தில் தொடுஉணர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எக்ஸ்ரே வசதியுள்ள இடத்துக்குப் போங்கள்.

இந்தத் தொலைவுகளை நினைத்துப் பார்த்தால், காப்பீட்டு முகவர் சொன்னதன் விபரீதம் புரியும். பழைய பாதிப்பை மறைத்து எடுத்த பாலிசியில், அதே தோள் மீண்டும் நழுவினால், நிறுவனம் உங்கள் பழைய மருத்துவப் பதிவைக் கேட்கும். மறைத்தது தெரிந்தால் பணம் தர மறுக்கும். அப்போது முகவர் வாய்மொழியாகச் சொன்னது உங்களுக்கு உதவாது. உண்மையை எழுதுங்கள், கூடுதல் பிரீமியமோ, தோளுக்கு மட்டும் விலக்கோ வரலாம், ஆனால் கண்ணுக்கும் தலைக்கும் முதுகுக்கும் பாதுகாப்பு நிற்கும். சாகச விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கின்றனவா, அலைச்சறுக்கு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை விதிமுறை ஏட்டிலேயே படித்துப் பாருங்கள். வாடகை ஸ்கூட்டரும் அப்படித்தான்: அந்நாட்டில் செல்லும் உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் இழப்பீடு கேட்க முடியாது. ஆட்டோவில் போங்கள்.

உகந்தை முருகன் கோவில் அறுகம்பைக்குத் தெற்கே, பாணமையைத் தாண்டி இருக்கிறது. ஜூன், ஜூலை வாக்கில் கதிர்காமப் பாதயாத்திரை செல்வோர் அந்த வழியேதான் காட்டுக்குள் நுழைவார்கள். அம்மா சொன்னதையும் நிறைவேற்றிவிடலாம். யானை நடமாட்டம் உள்ள சாலை என்பதால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். தோளுக்கு ஓய்வு கொடுக்கும் நடுநாளை இதற்கு ஒதுக்கலாம். ஆறு நாளும் தொடர்ந்து நீரில் இறங்குவது உங்கள் தோளுக்கு நல்லதல்ல.

பயிற்சியாளரிடம் சொல்வது

கட்டாயம் சொல்லுங்கள். மறுத்துவிடுவார் என்று பயப்படுகிறீர்கள். நல்ல பயிற்சியாளர் மறுக்கமாட்டார், பாடத்தை மாற்றுவார். சொல்லாமல் இருந்தால் அவர் உங்களை மற்ற இருவரோடு ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே அலைக்குத் தள்ளிவிடுவார். நீங்கள் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நீரில் கிடக்கும்போது என்ன நடந்தது என்றே அவருக்குப் புரியாது. விடுதியிலிருந்து புறப்படுவதற்கு முன்பே, தோழியரும் கேட்கும்படி, இந்த நான்கு செய்திகளைச் சொல்லுங்கள்: “என் வலது தோள் இருமுறை நழுவியிருக்கிறது. லென்ஸ் இல்லாமல் எனக்குத் தூரம் தெரியாது. இடுப்பளவு நீருக்கு அப்பால் என்னைக் கூட்டிப்போக வேண்டாம். தோள் நழுவினால் நீங்கள் ஏற்றிவிட முயல வேண்டாம், வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.” கேட்டுவிட்டு, “ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சிரித்து ஒதுக்குபவராக இருந்தால், அவரிடம் பணம் கட்டாமல் அடுத்த பள்ளியைப் பாருங்கள், அந்தத் தெருவில் பயிற்சிப் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை.